பாறை நிற்கும், ஒளி நடக்கும்



பாலைநிலப் பள்ளத்தாக்குகளை ஒளிப்படமாக்குவது எப்படி என்பது இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, யூட்டா என்று இரண்டு மாநிலங்கள். அங்கே கொலராடோ ஆறும் அதன் கிளைகளும் அறுத்து வைத்திருக்கும் செம்பாறைப் பள்ளத்தாக்குகளைப் பற்றிப் பேசப்போகிறேன். எந்தக் கேமரா வாங்கலாம் என்று சொல்லமாட்டேன். அதற்குக் கடைக்காரர் இருக்கிறார். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பாறை நிற்கும், ஒளி நடக்கும். நிற்பதைப் பிடிக்கப் போனவர் ஏமாந்து திரும்புவார். நடப்பதைப் பிடிக்கப் போனவர் படத்தோடு திரும்புவார். அங்கே நின்று ஃப்ரேம் அமைப்பதும் ஒளியின் பின்னால் போவதுதான். வீட்டுக்கு வந்து கணினியில் படத்தைச் செப்பனிடுவதும் அதே ஒளியின் பின்னால் போவதுதான். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

கிராண்ட் கேன்யன் போய் வந்த யாரிடமாவது படம் காட்டச் சொல்லுங்கள். காட்டிக்கொண்டே ஒன்று சொல்வார்கள்: "நேர்ல பாத்தா இப்படி இல்ல சார், அது வேற!" ஏன் இப்படி ஆகிறது? நல்ல கேமரா, நல்ல வெயில், நல்ல இடம். பிறகு படத்துக்கு என்ன ஆயிற்று?

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1540ஆம் ஆண்டு. கார்சியா லோபெஸ் டி கார்டெனாஸ் என்ற ஸ்பானியர் சில வீரர்களோடு கிராண்ட் கேன்யனின் விளிம்புக்கு வந்து சேர்ந்தார். ஐரோப்பியர்கள் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தது அதுவே முதல் தடவை. அடியில் ஓடும் ஆறு அவர்கள் கண்ணுக்கு ஆறடி அகலமுள்ள ஓடையாகத் தெரிந்தது. மூன்று பேர் இறங்கிப் பார்க்கக் கிளம்பினார்கள். மூன்றில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் களைத்துத் திரும்பி வந்தார்கள். வந்து என்ன சொன்னார்கள் தெரியுமா? மேலிருந்து பார்த்தபோது ஓர் ஆள் உயரம் என்று தெரிந்த பாறைகள், கிட்டே போனால் செவில் நகரத்துப் பெரிய கோபுரத்தைவிட உயரமாக இருந்தன என்றார்கள்!

நண்பர்களே, போர் பார்த்த வீரர்களின் கண்ணே அங்கே ஏமாந்தது. 446 கிலோமீட்டர் நீளம், அகன்ற இடத்தில் 29 கிலோமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். இந்த அளவை மனிதக் கண்ணே வாங்கிக்கொள்ள முடியாதபோது, உள்ளங்கை அகலத் திரை எப்படி வாங்கும்? அகலக்கோண லென்ஸை மாட்டி, கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் ஒரே படத்தில் அடக்கப் பார்க்கிறோம். என்ன கிடைக்கிறது? மேலே வெளிறிய வானம், நடுவே பழுப்பு வரிகள், கீழே ஒரு கம்பித் தடுப்பு. எல்லாமே இருக்கிறது, எதுவுமே பெரிதாக இல்லை.

அப்படியானால் முதல் பாடம் என்ன? பெரியதைப் பெரிதாகக் காட்ட, அதன் பக்கத்தில் சிறியது ஒன்று வேண்டும். விளிம்பில் நிற்கும் ஒரு பைன் மரம் போதும். ஆற்றில் போகும் ஒரு ரப்பர்ப் படகு போதும். பாதையில் இறங்கும் கோவேறு கழுதைகளின் வரிசை போதும். பார்ப்பவருக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டால் மீதியை அவர் மனமே கட்டிக்கொள்ளும்.

இதை 1873இலேயே செய்து காட்டியவர் ஒருவர் இருக்கிறார். திமோதி ஓ'சல்லிவன். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படமெடுத்தவர். பிறகு அரசின் நில அளவைக் குழுவோடு மேற்கே போனார். அரிசோனாவில் நவாஹோ மக்களின் நிலத்தில் கேன்யன் டி ஷே என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஒரு பிரம்மாண்டமான பாறைச்சுவர். அதன் அடியில் ஒரு குடைவு, அந்தக் குடைவுக்குள் பழங்குடியினர் கட்டிக் கைவிட்டுப்போன வீடுகள். ஓ'சல்லிவன் எடுத்த படத்தில் வானமே இல்லை. மேலிருந்து கீழ்வரை பாறை, பாறை, பாறை. நீர் வழிந்த கறைகள் சுவரெங்கும் கோடுகோடாக இறங்குகின்றன. இடிந்த வீடுகளின் மேல் சின்னஞ்சிறு மனித உருவங்கள். அவற்றைக் கண்டுபிடிக்கும் கணத்தில்தான் சுவர் எவ்வளவு பெரியது என்பது நமக்கு உறைக்கிறது.

வானத்தை ஏன் விட்டார்? அவர் கையில் இருந்தது ஈரக் கொலோடியன் தகடு. கண்ணாடியில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். அந்தத் தகடு நீல ஒளியை வேகமாக வாங்கும். சிவப்பு அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் வானம் வெறும் வெள்ளையாகும், செம்பாறை கறுத்துப்போகும். அந்தத் தகட்டுக்கு எது வருமோ அதை ஃப்ரேமுக்குள் வைத்தார், வராததை வெளியே விட்டார். நம் கேமராவுக்கு எது வராது என்பது நமக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டால் பாதிப் படம் முடிந்தது.

விடுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் கம்போசிஷன் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி விடுவதுதான்.

கிராண்ட் கேன்யனுக்குள்ளே தனித்தனிச் சிகரங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் விஷ்ணு கோயில், இன்னொன்றின் பெயர் சிவன் கோயில். நான் விளையாடவில்லை. கிளாரன்ஸ் டட்டன் என்ற அமெரிக்க நிலவியலாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்த பெயர்கள் இவை. இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன. அந்தக் கோபுரங்களைப் படமெடுக்க அகலக்கோண லென்ஸ் உதவாது. 70–200 ஜூம் லென்ஸை எடுங்கள். காலையிலோ மாலையிலோ சூரியன் தாழ்ந்து, பக்கவாட்டிலிருந்து வரும்போது பாருங்கள். ஒரு முகடு ஒளியில், அதன் பின்னே ஒன்று நிழலில், அதற்கும் பின்னே ஒன்று நீல மங்கலில். காற்றிலிருக்கும் மங்கலை எல்லோரும் திட்டுவார்கள், நான் திட்டமாட்டேன். அந்த மங்கல்தான் ஒரு வரிசையை அடுத்த வரிசையிலிருந்து பிரித்துக் கொடுக்கிறது. ஆழம் என்ற ஒன்றைத் தட்டைக் காகிதத்தில் காட்ட அதைவிட நல்ல துணை கிடையாது.

இதே இடத்தில் நண்பகலில் நின்று பாருங்கள். சூரியன் உச்சியில். நிழல் இல்லை, நிழல் இல்லாததால் உருவம் இல்லை. அடிப்பாறை சுமார் 175 கோடி ஆண்டு பழையது. விளிம்பில் நம் காலடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறை சுமார் 27 கோடி ஆண்டு. காலையில் அடுக்கடுக்காக எழுந்து நின்ற அத்தனை ஆண்டுகளும் நண்பகலில் ஒரே தட்டையாகப் படுத்துவிடும். பாறை மாறிவிட்டதா? பாறை அங்கேயே நிற்கிறது. ஒளிதான் நடந்துவிட்டது.

இங்கே தமிழ் படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஐயா, தொல்காப்பியம் பாலைக்கு நண்பகலைத்தானே வகுத்திருக்கிறது? நீங்கள் நண்பகலில் கேமராவை மூடி வை என்கிறீர்களே?" நல்ல கேள்வி. மூடி வைக்க வேண்டாம். இடத்தை மாற்றுங்கள் என்கிறேன். விளிம்பை விட்டு உள்ளே இறங்குங்கள்.

அரிசோனாவில் பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆன்டிலோப் கேன்யன் இருக்கிறது. இதுவும் நவாஹோ மக்களுக்குச் சொந்தமான நிலம். அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. மணற்பாறையில் திடீர் வெள்ளங்கள் அறுத்த ஒடுங்கிய பிளவு அது. சில இடங்களில் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். மேலே வானம் ஒரு கீற்று. விளிம்பில் எதற்கும் உதவாத அந்த உச்சி வெயில்தான் இங்கே உயிர். வெயில் மேல் சுவரில் விழுகிறது. அங்கிருந்து தெறித்து எதிர்ச் சுவருக்குப் போகிறது. அங்கிருந்து மறுபடி இந்தப் பக்கம். ஒவ்வொரு தெறிப்பிலும் பாறையின் செம்மையை வாங்கிக்கொண்டு இறங்குகிறது. செங்கல் சூளைச் சுவரோரம் வெள்ளை வேட்டியோடு வெயிலில் நில்லுங்கள். வேட்டியில் செம்மை ஏறும் அல்லவா? அங்கே பாறையே பாறைக்கு நிறம் ஏற்றுகிறது. மேலே மஞ்சள், நடுவே செம்மஞ்சள், கீழே சிவப்பு, வானத்தின் நீலம் மட்டும் எட்டிப் பார்க்கும் மூலையில் ஊதா.

அதனால் பள்ளத்தாக்குக்குள் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த இடம் எவ்வளவு அழகு?' என்பதில்லை. கேட்க வேண்டியது இது: ஒளி எங்கிருந்து வருகிறது? எதில் பட்டு வருகிறது? இந்த இரண்டையும் கேட்டவருக்கு ஃப்ரேம் தானாகத் தெரியும். நேர் வெயில் விழும் திட்டையும் வெளிறிய வானக் கீற்றையும் ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு, தெறித்த ஒளியில் மட்டும் மிதக்கும் சுவரைத் தேடுவார்.

அப்படித் தேடியவர்களில் தலையானவர் எலியட் போர்ட்டர். மருத்துவம் படித்தவர், அதை விட்டுவிட்டு ஒளிப்படத்துக்கு வந்தவர். 1960 தொடங்கி, அதே கொலராடோ ஆறு அறுத்த கிளென் கேன்யனுக்குள் படகில் போய்ப் போய் வண்ணப் படங்கள் எடுத்தார். அகன்ற காட்சிகள் அவரிடம் குறைவு. ஈரமான ஒரு பாறை, அதில் மேல் சுவரின் பொன்னொளி, பக்கத்தில் வானத்தின் நீலம், அவ்வளவுதான். அவரை மறக்காதீர்கள், திரும்ப வருகிறேன்.

இப்போது ஷட்டரை அழுத்தும் இடத்துக்கு வருவோம். கேமராவுக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, ஒரே காட்சியில் இருட்டையும் வெளிச்சத்தையும் நம் கண் சமாளிப்பதுபோல அதனால் சமாளிக்க முடியாது. இரண்டு, நிறம் எது, ஒளியின் சாயல் எது என்று அதற்குத் தெரியாது.

முதல் பலவீனத்துக்கு என்ன செய்யலாம்? ரா ஃபைலில் எடுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். திரையில் தெரியும் படத்தை நம்பாதீர்கள், ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். அதிலும் சிவப்புச் சானலைத் தனியாகப் பாருங்கள். செம்பாறையில் முதலில் நிரம்பி வழிவது சிவப்புதான். வழிந்துபோன இடத்தில் பாறையின் இழையே அழிந்துவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. முக்காலி வைக்க முடிந்த இடத்தில் வையுங்கள். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளி கேமராவுக்கு எட்டாத அளவுக்கு விரிந்தால் வெவ்வேறு எக்ஸ்போஷரில் சில படங்கள் எடுத்து வையுங்கள். காற்றில் மணல் பறக்கும்போது லென்ஸைக் கழற்றாதீர்கள். போலரைசர் இருந்தால் வானத்தைக் கருநீலமாக்க அதைத் திருப்பாதீர்கள். அகலக்கோண லென்ஸில் வானம் ஒரு பக்கம் இருண்டு ஒரு பக்கம் வெளிறும். பாறையைப் பார்த்துத் திருப்புங்கள். ஈரத்தின் பளபளப்பு எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று பார்த்துத் திருப்புங்கள்.

இரண்டாவது பலவீனம், நிறம். ஆட்டோ வொயிட் பேலன்ஸ் என்ற வசதி, பள்ளத்தாக்குக்குள் நமக்கு எதிரி. செம்மையான தெறிப்பொளியைக் கண்டதும், 'ஐயோ, நிறம் பிசகிவிட்டது' என்று பதறி, நீலத்தைச் சேர்த்துச் சரிசெய்துவிடும். எதைப் பார்க்க அவ்வளவு தூரம் போனோமோ, அதையே கழுவித் துடைத்துக் கையில் கொடுக்கும். பகலொளிக்குரிய 5500 கெல்வினில் நிறுத்தி வைத்துத் தொடங்குங்கள். அங்கே இருந்த சாயல் அப்படியே படத்தில் இருக்கும்.

சரி, வீட்டுக்கு வந்துவிட்டோம். கணினியைத் திறந்தாயிற்று. இங்கேதான் சண்டை தொடங்குகிறது. "எடிட் செய்தால் அது பொய்தானே?" என்று ஒருவர். "எடிட் செய்யாத படம் எங்கே இருக்கிறது?" என்று இன்னொருவர். யார் சொல்வது சரி?

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸைச் சாட்சிக்கு அழைக்கிறேன். இளமையில் பியானோ கலைஞராக வேண்டும் என்று பயின்றவர். நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது வாசிப்பு என்று சொன்னவர். 1941 நவம்பர் 1. நியூ மெக்சிகோவில் எர்னாண்டஸ் என்ற சிற்றூர். மாலை. கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் கடைசி வெயில், மேலே நிலா. காரை நிறுத்திக் கேமராவை வைத்தார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளியளவு அவருக்கு மனப்பாடம். அதைக்கொண்டு கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது.

அந்த ஒரே நெகட்டிவிலிருந்து அவர் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்டுகள் போட்டார். தொடக்ககாலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறம், மேகத் தீற்றல்கள் தெரியும். பிற்காலத்தில் வானம் கறுத்துக்கொண்டே போனது. இருட்டறையில் ஓர் இடத்துக்கு ஒளியைக் கூட்டி, ஓர் இடத்துக்குக் குறைத்து, பல ஆண்டுகள் அந்த ஒரே கணத்தை வாசித்துக்கொண்டே இருந்தார். இன்று லைட்ரூம் மென்பொருளில் நாம் தள்ளும் ஸ்லைடர்கள் இந்தக் கைவேலையின் பேரப்பிள்ளைகள்.

ஆனால் கவனியுங்கள். அவர் நிலாவை நகர்த்தவில்லை. வேறோர் ஊர் வானத்தைக் கொண்டுவந்து ஒட்டவில்லை. அங்கே இருந்த ஒளிக்கு அழுத்தம் கொடுத்தார். அங்கே இல்லாத ஒளியைப் படைக்கவில்லை. நான் சொல்லும் எல்லைக்கோடு இதுதான்.

அப்படியானால் செப்பனிடும் மேசையில் கேட்க வேண்டிய கேள்வி என்ன? அதே கேள்விதான். ஒளி எங்கிருந்து வந்தது? எதில் பட்டு வந்தது? நிழலைத் தூக்க ஆசை வருகிறதா? தூக்குங்கள், ஆனால் நிழல் நிழலாக இருக்கட்டும். எல்லா மூலையும் ஒரே வெளிச்சமானால், காலையில் எடுத்த படத்தைக் கணினியில் நண்பகலாக்கிவிட்டீர்கள் என்று பொருள். சாச்சுரேஷனைக் கூட்ட ஆசை வருகிறதா? முதலில் வொயிட் பேலன்ஸைச் சரிபாருங்கள், பிறகு கான்ட்ராஸ்டைப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே நிறம் எழுந்து வந்துவிடும். நிழலுக்குள் இருக்கும் நீலத்தைக் கொல்லாதீர்கள். சிவப்புக்குப் பக்கத்தில் அந்த நீலம் இருப்பதால்தான் சிவப்பு சிவப்பாகத் தெரிகிறது. ஒட்டுமொத்தமாக எதையும் தள்ளாதீர்கள். ஒளி விழுந்த முகட்டுக்கு மட்டும் ஒரு துளி கூட்டுங்கள், கண்ணை வெளியே இழுக்கும் ஓரத்தை மட்டும் ஒரு துளி அடக்குங்கள். முடித்ததும் அன்றைக்கே வெளியிட வேண்டாம். மறுநாள் காலையில் ஒருமுறை பாருங்கள். முந்தின இரவு நாம் போட்ட ஆட்டமெல்லாம் அப்போது தெரியும்.

ஓவியரை எடுத்துக்கொண்டால் கதை வேறு. தாமஸ் மோரன் 1873இல் கிராண்ட் கேன்யனுக்குப் போனார். பிறகு கொலராடோவின் பெரும்பிளவைத் தீட்டிய அவரது பெரிய ஓவியத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது. தன் ஓவியங்களில் காட்சிகளை இடம் மாற்றி அமைத்துக்கொள்வதை அவர் மறைத்ததில்லை. ஓவியம் என்று சொல்லித்தான் கொடுத்தார், யாரும் ஏமாறவில்லை. ஒளிப்படம் என்று சொல்லிக் கொடுக்கும்போது நாம் வேறொரு வாக்குக் கொடுக்கிறோம்.

அந்த வாக்கை மறந்தவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள்? 2000ஆம் ஆண்டில் யூட்டாவின் புகழ்பெற்ற டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவின் அடியில், இரவில் ஒளி வேண்டும் என்பதற்காக ஓர் ஒளிப்படக்காரர் தீ மூட்டினார். பாறையில் கறை படிந்தது, வழக்கு வந்தது. ஒளி வரும்வரை காத்திருக்கத் தெரியாதவர் ஒளியைக் கொளுத்தப் போனார்! ஒளியை மட்டுமல்ல, வானத்தையும் மதிக்க வேண்டும். 1997 ஆகஸ்ட் 12 அன்று ஆன்டிலோப் கேன்யனின் கீழ்ப்பகுதியில் வெள்ளம் புகுந்து 11 பயணிகள் இறந்தார்கள். மழை பெய்தது அவர்கள் தலைக்கு மேல் அல்ல, தொலைவில். அங்கே வழிகாட்டி 'வெளியே வா' என்றால், அமைத்த ஃப்ரேம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியே வர வேண்டும்.

இப்போது எலியட் போர்ட்டருக்குத் திரும்புகிறேன். அவர் படகில் சுற்றிய கிளென் கேன்யன் என்ன ஆயிற்று? 1963இல் கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டன. அதே 1963இல் அவருடைய படங்களை சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு நூலாக வெளியிட்டது. நீர் ஏறியது. 17 ஆண்டுகள் ஏறி, 1980இல் அணைக்குப் பின்னால் பவல் ஏரி நிரம்பியது. போர்ட்டர் நின்ற இடங்கள், அவர் எடுத்த சுவர்கள், அந்தத் தெறிப்பொளி விழுந்த தளங்கள் எல்லாம் அந்த ஏரிக்கு அடியில் போயின. அண்மை ஆண்டுகளில் வறட்சியால் நீர்மட்டம் தாழ்ந்தபோது, மூழ்கியிருந்த கிளைப் பள்ளத்தாக்குகள் சில வெளியே தலைகாட்டின. இடைப்பட்ட தலைமுறைக்கு அந்தச் சுவர்களின் நிறத்தைச் சொன்னவை எவை? அந்தப் படங்கள்தான்.

பாறை நிற்கும் என்றுதானே தொடங்கினேன்? இப்போது திருத்திச் சொல்கிறேன். சில நேரம் பாறையும் போய்விடும். அப்போது ஒளிப்படம் அழகுப் பொருள் என்ற நிலையிலிருந்து சாட்சி என்ற நிலைக்கு உயர்கிறது. சாட்சி சொல்பவர் அழுத்தமாகச் சொல்லலாம், உணர்ச்சியோடு சொல்லலாம். நடக்காததை மட்டும் சொல்லக்கூடாது.

இளைஞர்களே, 'அமெரிக்காவுக்கு நாங்கள் எப்போது போவது?' என்று நினைக்க வேண்டாம். ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில், பெண்ணாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு ஓடும் கண்டிக்கோட்டை இருக்கிறது. அது பாலைவனம் இல்லை. ஆனால் செம்பாறையும் ஆழமும் அங்கே உண்டு, பழக அது போதும். விடியுமுன் போய் உட்காருங்கள். முதல் ஒரு மணி நேரம் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். ஒளி எந்த முகட்டில் முதலில் விழுகிறது, எந்தச் சுவருக்குத் தெறிக்கிறது, எப்போது தட்டையாகிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். மறுநாள் அதே இடத்துக்குப் போய், எழுதியதில் ஒன்றை மட்டும் எடுங்கள். வீட்டில் செப்பனிடும்போது அந்தக் குறிப்பேடு திரைக்குப் பக்கத்தில் திறந்திருக்கட்டும். ஸ்லைடரைத் தள்ளுவதற்கு முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதில் இருப்பதற்குத் துணிந்து அழுத்தம் கொடுங்கள். அதில் இல்லாததற்குக் கையை எடுங்கள். இதைச் செய்துவிட்டு உங்கள் படங்களோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அன்று நான் பேசவேண்டிய தேவை இருக்காது, உங்கள் படங்கள் பேசும்.